ஆம்ப்ரோஸ் உயிலுக்கு ஒரு கையெழுத்து

சேசு மரி சூசை துணை

மர்பி டவுன்,
10 பிப்ரவரி 1958

அன்புள்ள சவரிமுத்து சித்தப்பாவுக்கு டோரீன் எழுதுவது.

இதைப் படித்துக் காட்டுகிறவர் யாராக இருந்தாலும் கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள். சித்தப்பாவுக்கு இடது காது மந்தம்.

அப்பாவின் அடக்கத்துக்கு வந்த நீங்கள் கல்லறைத் தோட்டத்திலிருந்தே திரும்பிப் போய்விட்டீர்கள். வீட்டுக்கு வந்திருந்தால் நேரில் சொல்லியிருப்பேன். இந்த வீட்டை அப்பா எனக்கு உயில் எழுதி வைத்திருக்கிறார். உயில் மட்டும் இருந்தால் போதாது, அது உண்மையானது என்று ஜில்லா கோர்ட்டு உத்தரவு தர வேண்டும் என்கிறார் வக்கீல் கிருஷ்ணப்பா. நான் மடத்திலிருந்து எடுத்து வளர்த்த பிள்ளை. சட்டத்தின் கண்ணில் அப்பாவுக்கு நான் யாருமில்லை. அம்மாவும் போய்விட்டதால் அவருக்கு மிஞ்சிய ரத்த உறவு தம்பியான நீங்கள் ஒருவர்தான். அதனால் கோர்ட்டிலிருந்து உங்களுக்கு ஒரு நோட்டீஸ் வரும். பயப்பட வேண்டாம்.

இத்துடன் ஒரு பத்திரம் வைத்திருக்கிறேன். உயிலில் உங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று அதில் இருக்கிறது. கீழே பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். அதற்குள் இடது கட்டைவிரல் ரேகையை வைத்து அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
டோரீன்


ஜீவனஹள்ளி,
19 பிப்ரவரி 1958

ஆம்ப்ரோஸ் வீட்டில் வளர்ந்த டோரீனுக்கு,

உன் கடிதத்தை எனக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. நானே படித்தேன்.

செவ்வாய்க்கிழமை வந்தது. வியாழன் மத்தியானம் படித்து முடித்தேன். ‘ஆட்சேபணை’ என்ற சொல்லில் மட்டும் அரை மணி நேரம் நின்றேன். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். நான் வாட்ச்மேன் வேலை பார்த்த மர டிப்போவின் பின்னால் பாமா டீச்சர் மூன்று மணிக்குப் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். நிழலுக்காகப் போய் உட்கார்ந்தேன். பதினான்கு மாதத்தில் பிடித்துக்கொண்டேன். எழுபத்தொரு வயது எனக்கு. இந்தக் கடிதத்தை ஒரு நாளைக்கு ஒரு பத்தியாக எழுதுகிறேன். எழுதும்போதே சிரிப்பு வருகிறது. பக்கத்து வீட்டு முத்தம்மா, “என்ன தாத்தா, தனியா சிரிக்கிறீங்க, டாக்டரைக் கூப்பிடட்டுமா?” என்று கேட்டுவிட்டாள்.

என் பெயருக்கு இதுவரை ஒரு கடிதமும் வந்ததில்லை. உன்னுடையதுதான் முதல்.

உன் பத்திரத்தைத் திருப்பி அனுப்புகிறேன். அந்த வட்டத்துக்குள் என் பெயர் அடங்காது. கோடு போட்டு அனுப்பு. நீளமான கோடு.

நேரில் வராதே. வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். எதுவானாலும் எழுது. மந்தமான காது வலது காது.

சவரிமுத்து


மர்பி டவுன்,
24 பிப்ரவரி 1958

அன்புள்ள சித்தப்பா,

உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்த தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். புதிய பத்திரம் வைத்திருக்கிறேன். கோடு நீளமாக இருக்கிறது.

அவசரம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். போன வருட மழையில் வீட்டின் பின்சுவர் சாய்ந்துவிட்டது. இரண்டு மூங்கில் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். ஜூன் பத்தாம் தேதிக்குள் சுவரை எடுத்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்தான கட்டடம் என்று தாங்களே இடித்துவிடுவோம் என்று கார்ப்பரேஷனிலிருந்து தாள் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கட்ட லைசென்ஸ் கேட்டால், வீட்டு வரிப் பதிவான கத்தா உன் பெயரில் இல்லையே என்கிறார்கள். கத்தா மாற்றக் கோர்ட்டு உத்தரவு வேண்டும். கோர்ட்டு உத்தரவுக்கு உங்கள் கையெழுத்து வேண்டும்.

முன் அறையில்தான் என் தையல் மெஷின் இருக்கிறது. கான்வென்ட் பிள்ளைகளுக்குக் கவுன் தைத்துத்தான் சாப்பிடுகிறேன். இந்த வீடு போனால் எனக்குப் போக இடமில்லை சித்தப்பா.

இப்படிக்கு,
டோரீன்


ஜீவனஹள்ளி,
9 மார்ச் 1958

டோரீனுக்கு,

உன் இரண்டாவது கடிதம் முதலாவதைவிட நன்றாக இருந்தது. நீளமும் அதிகம். முத்தம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மூங்கில் முட்டு வந்த இடத்தில் அவள் ‘ச்சு ச்சு’ என்றாள். பாமா டீச்சர் வகுப்பிலும் படித்தேன். எல்லோரும் கேட்டார்கள். செங்கல் சூளை லட்சுமம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குக் கடிதம் போட ஆள் கிடையாது.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் சிலது தெரிய வேண்டும். ஆம்ப்ரோஸ் எப்படிச் செத்தான்? எத்தனை நாள் படுத்திருந்தான்? கடைசியில் பேச்சு இருந்ததா? என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா? சொல்லாவிட்டால் சொல்லவில்லை என்று எழுது, பொய் எழுதாதே. விவரமாக எழுது. ‘ழ’வை இன்னும் கொஞ்சம் தெளிவாக எழுது. நீ எழுதுவது ‘மு’ மாதிரி இருக்கிறது.

சவரிமுத்து


மர்பி டவுன்,
17 மார்ச் 1958

அன்புள்ள சித்தப்பா,

நேற்று பூசை முடிந்து உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தீர்கள். நான் பத்திரத்தையும் பேனாவையும் கையில் வைத்திருந்தேன். “சித்தப்பா, ஒரு நிமிஷம். ஒரே ஒரு கையெழுத்து” என்றேன். நீங்கள், “எழுது! எழுது!” என்று சத்தம் போட்டு ஜன்னலைச் சாத்தினீர்கள். முத்தம்மா வெளியே வந்து, “நீதான் அந்த லெட்டர் பொண்ணா? உன் சுவரு இன்னும் நிக்குதாம்மா?” என்று கேட்டார். தெருவே என்னைப் பார்த்தது. இரண்டு மைல் தூரத்தில் இருந்துகொண்டு நாம் தபாலில் பேசுகிறோம்.

சரி, கேட்டதற்குப் பதில். அப்பா பதினோரு நாள் படுத்திருந்தார். நெஞ்சில் சளி. கடைசி இரண்டு நாள் பேச்சு இல்லை. உங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பொய் எழுதாதே என்றீர்கள், எழுதவில்லை.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி கோர்ட்டில் வழக்கை எடுக்கிறார்கள். அதற்குள் பத்திரம் வந்தால் அன்றைக்கே முடிந்துவிடும் என்கிறார் வக்கீல். காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

டோரீன்


ஜீவனஹள்ளி,
13 ஏப்ரல் 1958

டோரீனுக்கு,

ஒன்பதாம் தேதி நான் கோர்ட்டுக்குப் போனேன். நீ என்னைப் பார்த்ததும் கும்பிட்டாய். பத்திரத்தோடு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாய்.

எவ்வளவு காகிதம் அங்கே! வண்டி வண்டியாகக் காகிதம். மரத்தடியில் பெட்டிஷன் எழுதுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன், “வா தாத்தா, பெட்டிஷனா? எட்டணா குடு, ஜோரா எழுதித் தர்றேன்” என்றான். “எனக்கே எழுத வரும்” என்றேன். “அப்போ கொஞ்சம் தள்ளி உக்காரு, இந்த நிழல் நம்முது” என்றான். தள்ளி, வெயிலில் உட்கார்ந்து எழுதினேன். ‘நான் ஆம்ப்ரோஸின் தம்பி. உயிலை எழுதும்போது நான் பார்க்கவில்லை. உண்மை என்றால் நிரூபிக்கட்டும்.’ உள்ளே கொண்டுபோனால், தமிழில் வாங்க மாட்டோம் என்றார்கள். ஒரு வக்கீல் குமாஸ்தா அதை இங்கிலீஷில் டைப் அடித்துத் தந்தார். கையெழுத்து மட்டும் என்னுடையது. மேஜையில் இருந்தவர் அதன் மேல் முத்திரை குத்தினார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

உன் வக்கீல் கிருஷ்ணப்பா என்னை வராண்டாவில் பிடித்துக்கொண்டார்.

“ஏன் பெரியவரே, உங்களுக்கு அந்த வீடு வேணுமா?”

“வேணாம்.”

“பின்னே எதுக்கு இந்த ஆட்சேபணை?”

“இதைப் போட்டா கோர்ட்டு எனக்கு லெட்டர் போடுமா?”

“ஒவ்வொரு வாய்தாவுக்கும் போடும்.”

“அது போதும் சாமி.”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். நல்ல மனிதர்.

சவரிமுத்து


மர்பி டவுன்,
16 ஏப்ரல் 1958

நீங்கள் செய்தது என்ன என்று உங்களுக்குத் தெரியுமா?

ஒரு கையெழுத்தில் முடிந்திருக்கும். இப்போது அது வழக்காகிவிட்டது. உயிலில் சாட்சி போட்ட இரண்டு பேரில் ஒருவர் செத்துவிட்டார், இன்னொருவர் கோயம்புத்தூரில் நடக்க முடியாமல் கிடக்கிறார். அவரைக் கொண்டுவந்து கூண்டில் நிறுத்த வேண்டும். கோடை விடுமுறைக்குக் கோர்ட்டைப் பூட்டிவிட்டார்கள். ஜூனில்தான் திறக்கும். அடுத்த வாய்தா ஜூன் இருபத்துமூன்று. கார்ப்பரேஷன் கெடு ஜூன் பத்து.

கடிதம் வேண்டும் என்பதற்காகவா ஒரு பெண்ணைத் தெருவில் நிறுத்துகிறீர்கள்? கேட்டால் நான் எழுத மாட்டேனா? வாரம் ஒரு கடிதம் எழுதுகிறேன். நீங்கள் கண் மூடும் வரை எழுதுகிறேன். சர்வேசுரன் மேல் ஆணை. எதிராளி ஆட்சேபணையை விலக்கிக்கொண்டால் விடுமுறையிலும் அவசர மனுப் போட்டு உத்தரவு வாங்கலாம் என்கிறார் வக்கீல். அதை மட்டும் செய்யுங்கள்.

நான் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தேன்? ஒன்று சொல்லுங்கள்.

டோரீன்


ஜீவனஹள்ளி,
4 மே 1958

டோரீனுக்கு,

இதுவரை வந்ததில் இதுதான் சிறந்த கடிதம். இரண்டு இடத்தில் உன் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது. வகுப்பில் எல்லோருக்கும் காட்டினேன். வாரம் ஒரு கடிதம் தருகிறேன் என்கிறாய். பால் ஊற்றுவது போலவா? அப்படி வருவதில் என்ன இருக்கும்? ‘சௌக்கியம், மழை பெய்தது.’ எனக்கு இந்த மாதிரி வேண்டும்.

என்ன கெடுதல் என்று கேட்டாய். சொல்கிறேன். இதை எழுத ஒன்பது நாள் ஆயிற்று.

1930இல் என் மனைவி மதலேன் என்னிடம் அடி வாங்கிக்கொண்டு கோலார் தங்கவயலுக்கு அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் ஆம்ப்ரோஸிடம் வந்து, ‘அவளுக்கு ஒரு கடிதம் எழுது’ என்றேன். உங்கள் வீட்டு மேஜையில். நான் தரையில் உட்கார்ந்து சொன்னேன். ‘நீ இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.’ ஆம்ப்ரோஸ் எழுதிக்கொண்டே சத்தமாகப் படித்தான், ‘சோறு இறங்கவில்லை, சாராயம் மட்டும் இறங்குகிறது.’ கேத்தரின் அண்ணி சிரித்தாள். நீ எட்டு வயதுப் பிள்ளை, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாய்.

அந்தப் பேச்சைக் கடிதத்திலும் எழுதினானா, வாயால் மட்டும் சொன்னானா, எனக்குத் தெரியாது. எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. மதலேன் திரும்பி வரவில்லை. ஒன்பது வருடம் கழித்து அங்கேயே செத்தாள்.

நீ அந்தக் கடிதத்தை எழுது. அன்றைக்கு நான் சொன்ன மாதிரி, சிரிப்பு இல்லாமல். மதலேனுக்கு நான் எழுதுவதாக எழுதி எனக்கு அனுப்பு. சரியாக இருந்தால் ஆட்சேபணையை விலக்கிக்கொள்கிறேன்.

சவரிமுத்து


மர்பி டவுன்,
30 மே 1958

சித்தப்பா,

மூன்றாவது தடவையாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். முதலாவதைச் ‘சுருக்கம்’ என்று திருப்பி அனுப்பினீர்கள். இரண்டாவதில் பென்சிலால் கோடு கோடாகப் போட்டு, ‘நான் இவ்வளவு அழ மாட்டேன்’ என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். நான் பார்த்தே இராத ஒரு பெண்ணுக்கு உங்கள் வாயால் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு, தூக்கத்தில்கூட அவளோடு பேசுகிறேன்.

அன்று சிரித்தேன். எட்டு வயது. இருந்தாலும் சிரித்தது தப்புத்தான். மன்னியுங்கள்.

மழை ஆரம்பித்துவிட்டது. நேற்று ஒரு மூங்கில் நழுவியது. இன்னும் பதினோரு நாள்தான். இந்தத் தடவை சரியாக இல்லாவிட்டாலும் சரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டோரீன்


ஜீவனஹள்ளி,
28 ஜூன் 1958

டோரீனுக்கு,

உன் மூன்றாவது கடிதம் சரியாக இருந்தது. அவசர மனு எதற்கு, இருபத்துமூன்றாம் தேதி ஜட்ஜ் முன்னாலேயே கையெழுத்துப் போடலாம் என்று காத்திருந்தேன். வேறு எங்கேயோ போட்டால் யார் பார்ப்பார்கள்?

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். நீ வரவில்லை. கிருஷ்ணப்பா வக்கீல்தான் இருந்தார். “ஆட்சேபணையை விலக்கிக்கிறேன் சாமி, பேப்பர் குடுங்க” என்றேன்.

அவர் சொன்னார்: “வீடு பன்னெண்டாந்தேதியே போச்சு பெரியவரே. கார்ப்பரேஷன் ஆளுங்க வந்து சுவரைத் தள்ளினாங்க, கூரையும் சேந்து வந்துடுச்சு. இப்போ இந்தக் கையெழுத்து யாருக்கு?”

“எனக்குத்தான்” என்றேன்.

ஜட்ஜ் முன்னால் நின்று போட்டேன். ச, வ, ரி, மு, த், து. நான் எழுதி முடிக்கிற வரைக்கும் கோர்ட்டே காத்திருந்தது. பின்னால் யாரோ, “சீக்கிரம் ஆகட்டும்” என்றான். ஜட்ஜ் அவனைப் பார்த்து, “அவர் எழுதட்டும்” என்றார். அந்த மாதிரி ஒரு நாள் என் வாழ்க்கையில் இல்லை.

வீட்டுக்கு வருத்தம்தான். ஆனால் மனை இருக்கிறதே. இனி உத்தரவு உன் பக்கம் வந்துவிடும். வந்ததும் எழுது. வீடு விழுந்ததை நீ பார்த்தாயா? முதலில் எந்தப் பக்கம் விழுந்தது, மெஷினை என்ன செய்தாய், எல்லாம் விவரமாக எழுது. நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியாததால் இதை வக்கீல் விலாசத்துக்குப் போடுகிறேன்.

சவரிமுத்து


25 ஜூலை 1958

சவரிமுத்து அவர்களுக்கு,

கோர்ட்டு உத்தரவு வந்துவிட்டது. மர்பி டவுனில் ஆம்ப்ரோஸின் வீடு டோரீனுக்குச் சொந்தம் என்று மூன்று முத்திரையோடு இருக்கிறது. மண்ணையும் ஓடுகளையும் அள்ளிப்போகக் கூலி கொடுக்க வேண்டும் என்று கார்ப்பரேஷன் தாளும் என் பெயருக்கே வந்திருக்கிறது. மனையை எதிர்வீட்டு சுந்தரேசனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் வேறு ஊருக்குப் போகிறேன். எந்த ஊர் என்பதை வக்கீலிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் சொல்லக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். தபாலாபீசில் விலாசம் கொடுக்கவில்லை.

வீடு எந்தப் பக்கம் விழுந்தது என்று கேட்டிருந்தீர்கள். எழுத மாட்டேன்.

இன்னொன்று. 1930இல் கோலாருக்குப் போன அந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டது நான்தான். அப்பா கவரை ஒட்ட என்னிடம் கொடுத்தார். எட்டு வயதில் எனக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். ஒட்டுவதற்கு முன்னால் முழுவதும் படித்தேன். சாராயம் என்ற பேச்சு அதில் இருந்ததா, இல்லையா, உங்கள் மனைவி என்ன படித்தார், எல்லாம் வரி வரியாக எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அதைத் தெரிந்தவர்களில் இப்போது மிச்சம் நான் ஒருத்திதான்.

மே மாதத்தில் நீங்கள் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். நீங்கள் அதைக் கேட்கவில்லை. வேறொன்றை எழுதச் சொன்னீர்கள்.

உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது. இது என்னிடமிருந்து உங்களுக்கு வரும் கடைசிக் கடிதம்.

டோரீன்


ஜீவனஹள்ளி,
24 ஆகஸ்ட் 1958

அன்புள்ள மகள் டோரீனுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றைக்கே பதில் எழுதினேன். ஒரே நாளில் எழுதி முடித்தது அதுதான். கிருஷ்ணப்பா வக்கீலிடம் கொண்டுபோனேன். “அந்த அம்மா வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க, நான் கையிலகூடத் தொட மாட்டேன்” என்றார். எனக்குத் தெரிந்த விலாசம் மர்பி டவுன் ஒன்றுதான். அதற்கே போட்டேன்.

நேற்று தபால்காரர் நாராயணசாமி தெருமுனையிலிருந்தே, “தாத்தா, லெட்டர்!” என்று கூப்பிட்டார். செருப்புகூடப் போடாமல் ஓடினேன். கவரைப் பார்த்தேன். யாருடைய எழுத்து இவ்வளவு நன்றாக இருக்கிறது, டோரீன் ‘ழ’வைத் திருத்திக்கொண்டாளே என்று நினைத்தேன். பிறகுதான் அது என் எழுத்து என்று தெரிந்தது. குறுக்கே சிவப்பு மையில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. “என்ன போட்டிருக்கு?” என்று கேட்டேன். “அந்த நம்பர்ல வீடே இல்ல தாத்தா” என்றார் அவர்.

உள்ளே கொண்டுவந்து உட்கார்ந்து படித்தேன். முத்தம்மா, “யாரு லெட்டர், மவளா?” என்றாள். ஆமாம் என்றேன். “என்ன எழுதியிருக்கா, சத்தமா படிங்க” என்று வாசலில் உட்கார்ந்துவிட்டாள். படித்தேன். ஒரு பக்கம் முழுவதும் ஒரே கேள்விதான். மதலேனுக்குப் போன கடிதத்தில் என்ன இருந்தது, என்ன இருந்தது என்று. முத்தம்மா, “இதை எதுக்கு உங்ககிட்ட கேக்குறா? உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

எனக்குத் தெரியாது மகளே. நீ எழுது. ஒரே ஒரு வரி போதும். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

இதையும் அந்த விலாசத்துக்கே போடுகிறேன். வியாழக்கிழமை என் கைக்கு வந்துவிடும்.

சவரிமுத்து